கிராஸ்மக்லென் ரேஞ்சர்ஸ்: இவ்ளோ சின்ன ஊரு எப்படி ஆறு தடவை அயர்லாந்து சாம்பியன் ஆச்சு?

டண்டாக்_தமிழச்சி:

மக்களே வணக்கம். நாங்க அயர்லாந்துல பார்டர் ஓரமா டண்டாக்ல இருக்கோம். என் டீம்ல ஒருத்தர் பார்டருக்கு அந்தப்பக்கம் தெற்கு ஆர்மாக்காரர், திங்கக்கிழமை காலைல வந்தார்னா வேலைய பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டார், கிராஸ்மக்லென் ஜெயிச்சுச்சா தோத்துச்சா, ரெஃபரி என்ன அநியாயம் பண்ணாரு, அவ்ளோதான். கேலிக் ஃபுட்பால் கிளப்புங்கறது வரைக்கும் புரியுது. அதுக்கு மேல கூகுள் பண்ணி பாத்தா ஊரோட ஜனத்தொகை ரெண்டாயிரம் கூட இல்ல, ஆனா அயர்லாந்து முழுசுக்கும் நடக்கற கிளப் சாம்பியன்ஷிப்ப ஆறு வாட்டி தூக்கியிருக்காங்க, டப்ளின் டீமையெல்லாம் அடிச்சு. இது எப்படிங்க? நம்ம ஐபிஎல் மாதிரி வெளில இருந்து காசு குடுத்து ஆள் எடுக்கறாங்களா? அவர கேட்டா சிரிக்கறார். இன்னொருத்தர் கேட்டா ஆர்மி, ஹெலிகாப்டர்னு என்னமோ சொல்றாங்க, அதுக்கும் ஃபுட்பாலுக்கும் என்ன சம்பந்தம்? ஸ்கோர் போடற விதம் வேற தலைய சுத்துது, 1-14னு போடறாங்க, அது கோலா என்னன்னே புரியல. தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா சொல்லுங்களேன். கேக்கறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, என் பொண்ணுக்கு ஒம்போது வயசு, கிளாஸ்ல பாதி பேர் கிளப்புல சேந்துட்டாங்க, இவளும் நச்சரிக்கறா.

கார்க்_செல்வம்:

ஸ்கோர்ல இருந்து ஆரம்பிக்கறேன், அது புரிஞ்சா தான் மேட்ச் பாக்க முடியும். போஸ்ட் ரக்பி மாதிரி ஹெச் ஷேப்ல இருக்கும், கீழ வலை இருக்கும். வலைக்குள்ள போனா கோல், அது மூணு பாயிண்ட். பாருக்கு மேல, ரெண்டு கம்பத்துக்கு நடுவுல போனா ஒரு பாயிண்ட். 1-14ன்னா ஒரு கோல், பதினாலு பாயிண்ட், மொத்தம் 17. கூட்டல் நீங்க தான் போட்டுக்கணும், பக்கத்துல உக்காந்திருக்கற தாத்தா பாட்டியெல்லாம் மனசுக்குள்ளயே போட்டுட்டு இருப்பாங்க. 2025ல இருந்து 40 மீட்டர் வளைவுக்கு வெளில இருந்து அடிச்சா ரெண்டு பாயிண்ட்னு ஒரு புது ரூல் வந்திருக்கு. ஒரு பக்கத்துக்கு 15 பேர், கிளப் மேட்ச் ஒரு மணி நேரம். பந்த கைல வச்சுட்டு நாலு அடி தான் ஓடலாம், அப்புறம் தரைல தட்டணும் இல்லன்னா காலால தட்டி திரும்ப கைக்கே கொண்டு வரணும், அதுக்கு பேர் சோலோ. வேகமா ஓடிட்டே அத பண்ணறத நேர்ல பாத்தா தான் எவ்ளோ கஷ்டம்னு தெரியும்.

காசு மேட்டர். இதுல ஒருத்தருக்கும் சம்பளம் கிடையாது. 1884ல தர்லெஸ் ஊர்ல ஹேய்ஸ் ஹோட்டல்ல மைக்கேல் கியூசாக்கும் சில பேரும் கூடி ஜிஏஏ, அதாவது கேலிக் விளையாட்டு சங்கம், ஆரம்பிச்சாங்க, அன்னைலேர்ந்து இன்னைவரைக்கும் அமெச்சூர் தான். டப்ளின் குரோக் பார்க் ஸ்டேடியத்துல எண்பதாயிரம் பேர் முன்னாடி ஞாயித்துக்கிழமை ஆடிட்டு திங்கக்கிழமை ஸ்கூல்ல பாடம் எடுக்க போற வாத்தியார் எல்லாம் சாதாரணம். ஏலம் எல்லாம் கெடையாது. நீங்க எந்த ஊரோ, எந்த சர்ச் பங்குல வளந்தீங்களோ, பெரும்பாலும் அந்த கிளப் தான் உங்க கிளப், சாகற வரைக்கும். கிராஸ்மக்லென்னா அப்பர் கிரெகன் பங்கு, பக்கத்து லோயர் கிரெகன் பங்குல கலிஹானான்னு வேற கிளப். நடுவுல சும்மா சில கிலோமீட்டர் தான், ஆனா இந்த பக்கத்து பையன் அந்த பக்கம் போய் ஆட மாட்டான். வேலைக்கு வேற ஊர் போனா டிரான்ஸ்ஃபர் வாங்கலாம், சில பேர் வாங்குவாங்க, ஆனா ஊர்ல கொஞ்ச நாள் முனகல் இருக்கும்.

அடுக்கு எப்படின்னா, முதல்ல உங்க கவுண்டிக்குள்ள இருக்கற கிளப்ப எல்லாம் ஜெயிக்கணும், இவங்களுக்கு ஆர்மா. அப்புறம் மாகாணம், அல்ஸ்டர். அப்புறம் ஆல் அயர்லாந்து செமி ஃபைனல், ஃபைனல். இதுல நல்லா ஆடறவங்கள கவுண்டி டீமுக்கு எடுப்பாங்க, அது தனி சாம்பியன்ஷிப், அதோட கப்பு தான் சாம் மக்வயர். கிளப்போட கப்புக்கு பேர் ஆண்டி மெரிகன் கப். ரெண்டையும் குழப்பிக்காதீங்க, உங்க ஆபீஸ்காரர் மனசு ஒடஞ்சிடுவார்.

பந்துபைத்தியம்:

செல்வம் அண்ணன் அடித்தளம் போட்டுட்டார், கதைய நான் சொல்றேன், எனக்கு இந்த கிளப்புன்னா உசுரு. (நான் இருக்கறது கால்வே, அதனால ஊர்ல வெளில சொல்லிக்க முடியாது.)

கிளப் ஆரம்பிச்சது 1887. கருப்பும் ஆம்பர் மஞ்சளும் ஜெர்சி. நூறு வருஷத்துக்கும் மேல ஆர்மால பெரிய கிளப் தான், ஆனா வெளில யாருக்கும் பெருசா தெரியாது. 1996ல ஆர்மா ஜெயிச்சாங்க, அதே வருஷம் அல்ஸ்டர், அடுத்த மார்ச் 1997ல ஆல் அயர்லாந்து ஃபைனல்ல மேயோக்காரங்க நாக்மோர 2-13, 0-11னு அடிச்சாங்க. அங்க ஆரம்பிச்சது. 1999ல இன்னொரு மேயோ கிளப் பாலினா ஸ்டீஃபனைட்ஸ், 0-9க்கு 0-8, ஒரே ஒரு பாயிண்ட், கோலே இல்லாத கஞ்சத்தனமான மேட்ச். 2000ல டப்ளின் கிளப் நா ஃபீனா, 1-14க்கு 0-12. இந்த மூணுக்கும் மேனேஜர் ஜோ கெர்னன். அவரு அந்த ஊர்க்காரர் தான், 1977ல ஆர்மா கவுண்டிக்காக ஆல் அயர்லாந்து ஃபைனல் ஆடி டப்ளின்கிட்ட செம அடி வாங்கினவர், அவர் தனியா ரெண்டு கோல் போட்டும் தோத்தாங்க.

அந்த 2000 ஃபைனல்ல ஒரு சுவாரசியம் இருக்கு. நா ஃபீனால ஆடினது கீரன் மெகீனி. அவரு தெற்கு ஆர்மால முல்லபான் ஊரு, கிராஸ்மக்லெனுக்கு பக்கத்து கிளப், டப்ளின்ல இருந்ததால அங்க மாறி ஆடிட்டு இருந்தார். ரெண்டே வருஷத்துல அதே ஜோ கெர்னன் ஆர்மா கவுண்டி மேனேஜர், அதே மெகீனி கேப்டன், 2002 ஆல் அயர்லாந்து ஃபைனல், எதிர்ல கெர்ரி. பாதி நேரத்துல நாலு பாயிண்ட் பின்னாடி. ஓஷீன் மெக்கான்வில்னு நம்ம கிராஸ்மக்லென் ஆளு பெனால்டிய வேற கோட்டை விட்டுட்டார். டிரெஸ்ஸிங் ரூம்ல கெர்னன் என்ன பண்ணாரு தெரியுமா, 1977ல தோத்ததுக்கு குடுத்த நினைவுப்பரிச எடுத்துட்டு வந்து காட்டி, இதான்டா தோத்தா கிடைக்கறதுன்னு சுவத்துல வீசி அடிச்சார். ரெண்டாவது பாதில அதே ஓஷீன் கோல் போட்டார். 1-12க்கு 0-14. ஆர்மாவோட மொத ஆல் அயர்லாந்து அது தான். அந்த டீம்ல ஓஷீன், டிஃபென்ஸ்ல ஃபிரான்சி பெல்லூ, மெக்என்டீ ரெட்டையர் ஜானும் டோனியும்னு ஒரே ஊர்ல இருந்து அத்தனை பேர்.

கிளப்புக்கு திரும்ப வரேன். 2007ல டாக்டர் க்ரோக்ஸ், கில்லார்னி டீம், மொத மேட்ச் டிரா, ரீப்ளே போர்ட்லீஷ்ல 0-12க்கு 0-7. 2011ல ரோஸ்காமன் செயிண்ட் பிரிஜிட்ஸ். 2012ல வெஸ்ட்மீத்ல இருந்து கேரிகாஸில், அதுவும் டிரா, ஆனா ரீப்ளேல 2-19க்கு 1-7, அத மேட்ச்னே சொல்ல முடியாது. இந்த கடைசி ரெண்டுக்கும் மேனேஜர் அதே டோனி மெக்என்டீயும் கேரத் ஓநீலும். முன்னாடி ஆடினவன் அடுத்து மேனேஜர் ஆவான், அவன் அண்ணன் பையன் டீம்ல இருப்பான், ஜோ கெர்னனோட பசங்க ஏரன், ஸ்டீஃபன், டோனி எல்லாம் ஆடியிருக்காங்க.

ஆனா ஆறு ஆல் அயர்லாந்த விட எனக்கு வாய் பொளக்கற விஷயம் வேற. ஆர்மா சாம்பியன்ஷிப் 1996லேர்ந்து 2008 வரைக்கும் தொடர்ச்சியா 13. 2009ல பியர்ஸ் ஓக் ஜெயிச்சு அந்த ஓட்டத்த நிறுத்தினாங்க, ஆர்மா டவுன்ல திருவிழா. சரி முடிஞ்சுதுன்னு பாத்தா 2010லேர்ந்து 2015 வரைக்கும் திரும்ப ஆறு. 20 வருஷத்துல 19 தடவை. கவுண்டில மத்த கிளப் எல்லாம் எதுக்கு ஜெர்சி தொவைச்சாங்கன்னே தெரியல.

யாழ்ப்பொடியன்_பெல்ஃபாஸ்ட்:

அக்கா, நீங்க கேட்ட ஆமி ஹெலிகொப்டர் கதையை ஒருத்தரும் தொடேல்ல, நான் சொல்லுறன். நான் வடக்கு அயர்லாந்தில தான் கனகாலமா இருக்கிறன்.

கிராஸ்மக்லென் இருக்கிறது வடக்கு அயர்லாந்தில, அதாவது ஐக்கிய இராச்சியத்துக்குள்ள, ஆனா பார்டர் நடந்து போற தூரம். சனம் கிட்டத்தட்ட முழுக்க ஐரிஷ் தேசியவாத ஆக்கள். 70களின்ர தொடக்கத்தில பிரிட்டிஷ் ஆமி ஊருக்குள்ள வந்து பொலிஸ் ஸ்டேசனோட சேத்து பேஸ் அடிச்சவை. அந்த பேஸ் எங்க எண்டா கிளப்பின்ர கிரவுண்டுக்கு பக்கத்தில, செயிண்ட் ஆலிவர் பிளங்கெட் பார்க் எண்டு பேர். கிளப்பின்ர காணியில ஒரு பகுதியையும் எடுத்துப் போட்டினம். தெற்கு ஆர்மாவில றோட்டால போனா கண்ணிவெடி எண்டு ஆமிக்கு பயம், அதால சாப்பாட்டில இருந்து குப்பை வரைக்கும் எல்லாம் ஹெலிகொப்டரில தான். மட்ச் நடக்கேக்க தலைக்கு மேலால இறங்கும், ஆட்டத்தை நிப்பாட்டிப் போட்டு நிக்க வேணும். பந்து மதிலுக்கு அங்கால விழுந்தா திரும்பி வாறதில்லை எண்டு ஊர்ச்சனம் இண்டைக்கும் சொல்லும். இது ஒரு வருசம் ரெண்டு வருசம் இல்லை. மேல தம்பி சொன்ன 1997 டீம் பொடியள் பிறந்து வளந்ததே அந்த சத்தத்துக்குள்ள தான்.

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேணும். அந்த ஊருக்குள்ளயும் சுத்துவட்டாரத்திலயும் ஆமிக்காரரும் பொலிசும் கனபேர் செத்தவை, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஐஆர்ஏ ஆயுதக் குழுவுக்கு அது மிகப் பலமான இடம். ஊருக்குள்ள இருந்த காவல் கோபுரம் ஒண்டுக்கு, அங்க 1976இல செத்த ஒரு இளம் சிப்பாயின்ர பேரைத் தான் ஆமி வைச்சிருந்தது.

ஜிஏஏக்கும் இதில ஒரு பிடிவாதம் இருந்தது. விதி 21 எண்டு ஒண்டு, பிரிட்டிஷ் ஆமியிலயோ வடக்கு அயர்லாந்து பொலிசிலயோ இருக்கிற ஆக்கள் ஜிஏஏயில சேர ஏலாது. அதை எடுக்கச் சொல்லி கேக்கேக்க எல்லாம் வடக்குக் கிளப்புகள் கிராஸ்மக்லென் கிரவுண்டை காட்டும், முதல்ல அதை விடச் சொல்லு, பிறகு பாப்பம் எண்டு. 1998 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு தான் காணிப் பிரச்சினை இளக தொடங்கினது, 2001இல விதி 21ஐ எடுத்துப் போட்டினம், வடக்கில கன கவுண்டிகள் எதிர்த்து வாக்குப்போட்டும். பேஸ் முழுசா மூடினது 2007இல. அதே வருசம் கிளப் நாலாவது ஆல் அயர்லாந்து எடுத்தது.

ஊரில ஆமிக் காம்ப் பக்கத்தில பந்தடிச்ச எங்கட ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்த தேவையில்லை, மற்ற ஆக்களுக்காக எழுதினன்.

மொக்கைமணி:

கதை நல்லாருக்கு, யாரும் கோவிச்சுக்காதீங்க, ஆனா நான் கொஞ்சம் ஒத்துப்போகல. ஆர்மி கொடுமை பண்ணுச்சு, அந்த வெறியில ஜெயிச்சாங்கன்னு தான் எல்லா டிவி டாக்குமெண்டரியும் சொல்லும், வெளியூர்க்காரங்களுக்கு அது தான் புடிக்கும். ஆனா யோசிச்சு பாருங்க, ஆர்மி வந்தது 70களோட ஆரம்பத்துல, கப்பு வந்தது 1997ல. நடுவுல இருபத்தஞ்சு வருஷம் அதே ஹெலிகாப்டர் தான, அப்ப ஏன் ஜெயிக்கல? அதே தெற்கு ஆர்மால முல்லபான், சில்வர்பிரிட்ஜ், டிராமின்டீ, கலிஹானா எல்லாம் அதே கொடுமைய பாத்த ஊரு தான், அங்க ஏன் ஆறு கப்பு வரல? கால்வேல கோரஃபின்னு ஒரு கிராமம், அங்க ஒரு ஆர்மியும் வரல, 2018, 2019, 2020னு தொடர்ச்சியா மூணு ஆல் அயர்லாந்து, அதுக்கு முன்னாடி ரெண்டு. அங்கயும் கேட்டா பசங்களுக்கு சின்ன வயசுலேர்ந்து ஒரே மாதிரி பந்து ஆட கத்துக்குடுத்தோம்னு தான் சொல்வாங்க.

என்னை கேட்டா காரணம் ரொம்ப போரிங்கானது. ஒரே சமயத்துல நல்ல பசங்க ஒரு கூட்டம் வந்தாங்க, அது அதிர்ஷ்டம். அவங்கள சின்ன வயசு டீம்லேர்ந்து ஊர்க்காரங்களே வளத்தாங்க. கெர்னன் மாதிரி ஒரு மேனேஜர் அமைஞ்சார். மொத கப்பு வந்தப்புறம் ஊர்ல பத்து வயசு பையன் டிவில இருக்கறவன தினமும் கடைல பாக்கறான், அவனுக்கு ஆல் அயர்லாந்து ஜெயிக்கறது நடக்கற காரியம்னு தெரிஞ்சு போச்சு. அது தான் பெரிய மாத்தம். அதுக்கப்புறம் டிரெயினிங்ல இடம் புடிக்கறது மேட்ச விட கஷ்டம், ஏன்னா பெஞ்சுல உக்காந்திருக்கறவனும் வேற கிளப்புல நேரா டீமுக்குள்ள போயிருப்பான். 1997ல ஆடின ஓஷீனும் மெக்என்டீகளும் 2007லயும் ஆடினாங்க, பத்து வருஷம்! ஜேமி கிளார்க் மாதிரி அடுத்த செட் அதுக்கு பின்னாடி வந்துச்சு. தலைமுறை மாறும்போது ஓட்டை விழல, அங்க தான் மத்த கிளப் எல்லாம் விழும்.

ஆர்மி பேஸ் கிளப்ப ஊரோட ஒட்ட வச்சுச்சு, அத ஒத்துக்கறேன். கிரவுண்ட விட்டுக்குடுக்கவே கூடாதுன்னு நிர்வாகத்துல ஒரு பிடிவாதம் வந்துச்சு. ஆனா பாருக்கு மேல பந்து போறதுக்கு ராத்திரி மழைல அடிச்சு பழகணும், அதுக்கு ஹெலிகாப்டர் உதவாது.

பந்துபைத்தியம்:

மணி, முழுசா ஒத்துக்க மாட்டேன். மத்த ஊர்ல எல்லாம் ஒரு வேலை கிடைச்சு பசங்க டப்ளினுக்கோ அமெரிக்காவுக்கோ போயிடுவாங்க, கிளப் கரைஞ்சு போகும். இவங்க டீம் அவ்ளோ வருஷம் கலையாம இருந்துச்சு. கிரவுண்டையே பறிக்க பாத்த ஊர்ல கிளப்புக்கு வர்றதுங்கறது பொழுதுபோக்கா இருக்கவே முடியாது. நீங்க சொல்ற டிரெயினிங் ஒழுங்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா அதுக்கும் அது ஒரு பதில். கோரஃபின் வாதம் சரி தான், கால்வேல இருந்துட்டு அத மறுத்தா எனக்கு சோறு கிடைக்காது.

மொக்கைமணி:

முல்லபான் பசங்களுக்கும் அதே ஊர்ப்பாசம் இருந்துச்சு தம்பி. சரி விடு, இது முடியாத சண்டை, அவங்க ஊர் பப்லயே முடியல.

டண்டாக்_தமிழச்சி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல. யாழ்ப்பொடியன் தம்பி, நீங்க சொன்னத படிச்சதும் என் ஆபீஸ்காரர் ஏன் சில நேரம் பேச்ச மாத்துறார்னு புரிஞ்சுது. இப்ப ரெண்டு கேள்வி. ஒண்ணு, இப்பவும் இவங்க அந்த ரேஞ்சுல இருக்காங்களா, நேர்ல பாக்க எப்ப போகணும்? இன்னொண்ணு, பொண்ணு. பொம்பளப் பிள்ளைங்களுக்கும் இதே கிளப் தானா? அடி உதை எல்லாம் எப்படி? பந்து பெருசா கனமா இருக்குமா?

பந்துபைத்தியம்:

இப்ப பழைய ஆட்டம் இல்ல. மாகாண கப்பு மொத்தம் 11, கடைசியா 2015ல. அதுக்கப்புறம் 2016ல மகேரி, 2017ல ஆர்மா ஹார்ப்ஸ்னு ஆர்மா கப்பே கைமாறிடுச்சு. இவங்களும் நடுநடுவுல ஜெயிக்கறாங்க, ஆனா வருஷாவருஷம்ங்கற காலம் போச்சு. எனக்கு என்னமோ இது கவுண்டிக்கு நல்லதுன்னு தான் தோணுது, 2024ல ஆர்மா ரெண்டாவது ஆல் அயர்லாந்து ஜெயிச்சப்ப டீம் பல கிளப்புல இருந்து வந்துச்சு. எங்க கால்வேய தான் அடிச்சாங்க, 1-11க்கு 0-13, ஒரே பாயிண்ட், அதப்பத்தி பேச வேணாம். கோல் போட்டது டிராமின்டீ ஆளு ஏரன் மகே. மேனேஜர் யாரு? அதே மெகீனி. கிராஸ்மக்லென்ல இருந்து ரீயன் ஓநீலும் அவர் அண்ணன் ஓஷீன் ஓநீலும் அந்த ஸ்குவாட்ல. ரீயன் ஓநீல் அடிக்கற லாங் ஷாட்டுக்காகவே டிக்கெட் வாங்கலாம்.

பாக்கணும்னா கோடை முடிவுலேர்ந்து அக்டோபர் வரைக்கும் ஆர்மா கிளப் சாம்பியன்ஷிப், ஃபைனல் வழக்கமா ஆர்மா டவுன்ல அத்லெடிக் கிரவுண்ட்ஸ்ல நடக்கும், டண்டாக்ல இருந்து கார்ல சுலபமா போயிடலாம். அதுக்கப்புறம் அல்ஸ்டர். முன்னெல்லாம் ஆல் அயர்லாந்து கிளப் ஃபைனல் செயிண்ட் பேட்ரிக்ஸ் டே, மார்ச் 17, குரோக் பார்க்ல நடக்கும், சின்ன ஊர்க்காரனுக்கு அது தான் கனவு. 2020லேர்ந்து ஜனவரிக்கு மாத்திட்டாங்க. குளிர்ல உக்காந்து பாக்கணும், அந்த மார்ச் மாச களை போயிடுச்சு.

கார்க்_செல்வம்:

பொண்ணு விஷயம் நான் சொல்றேன், என் பொண்ணு ஆடறா. பெண்கள் ஃபுட்பாலுக்கு தனி சங்கம், எல்ஜிஎஃப்ஏ, 1974ல ஆரம்பிச்சது, அதுவும் அதே ஹேய்ஸ் ஹோட்டல்ல தான். பேப்பர்ல தனி சங்கமே ஒழிய பல ஊர்ல ஒரே கிரவுண்டு, ஒரே ஜெர்சி, ஒரே டீக்கடை அங்கிள். ஜிஏஏயோட சேக்கற வேலை இப்ப நடந்துட்டு இருக்கு. ரூல்ல சின்ன வித்தியாசம், ஆம்பளைங்க தரைல கிடக்கற பந்த நேரா கையால எடுக்க கூடாது, கால் நுனியால தூக்கி தான் எடுக்கணும், பொண்ணுங்க நேராவே எடுக்கலாம். தோளால மோதி இடிக்கறதும் அதுல அனுமதி இல்ல. உங்க பக்கத்து ஆர்மா பெண்கள் டீம் 2024ல டிவிஷன் ஒன் லீக் ஜெயிச்சவங்க, அவளுக்கு காட்டுங்க.

ஒம்போது வயசுக்கு கோ கேம்ஸ்னு வச்சிருக்காங்க, பன்னெண்டு வயசு வரைக்கும் அது தான். சின்ன கிரவுண்டு, கம்மி ஆளு, சின்ன பந்து, வந்த எல்லா பிள்ளையும் முழுசா ஆடணும், யாரையும் ஓரமா உக்கார வைக்க கூடாது. கப்பு, சாம்பியன்னு எதுவும் கிடையாது, அப்பாக்கள் தான் லைன்ல நின்னு கத்தி கெடுப்பாங்க. நீங்க டண்டாக்ல இருக்கறதால அவ சேரப்போறது லூத் கவுண்டி கிளப்புல, கிராஸ்மக்லென்ல இல்ல, இத உங்க ஆபீஸ்காரர்கிட்ட மெதுவா சொல்லுங்க. வருஷ மெம்பர்ஷிப் கட்டினாதான் இன்ஷூரன்ஸ் வரும், அத கட்டாம டிரெயினிங்குக்கு அனுப்பாதீங்க. மவுத்கார்ட் கட்டாயம், கடைல விக்கற சுடுதண்ணில போட்டு கடிக்கற டைப்பே போதும், ரெண்டு வாங்குங்க, ஒண்ணு எப்படியும் பைக்கு அடில காணாம போகும். ஷூவுக்கு பழசு வாங்கறது தான் புத்திசாலித்தனம், பிள்ளைங்க கால் வளர்ற வேகத்துக்கு கிளப்புலயே செகண்ட் ஹேண்ட் மாத்திப்பாங்க, கோச்சுகிட்ட கேளுங்க.

அப்புறம் ஒண்ணு, கொஞ்ச வாரத்துல உங்களையே கேப்பாங்க, கேட்ல டிக்கெட் கிழிக்க வர்றீங்களா, சாண்ட்விச் பண்ண வர்றீங்களா, பதினோரு வயசு டீமுக்கு தண்ணி பாட்டில் தூக்க வர்றீங்களான்னு. யோசிக்காம சரின்னு சொல்லிடுங்க, அயர்லாந்துல அக்கம்பக்கம் பழக அத விட வேகமான வழி எனக்கு தெரியல.

டண்டாக்_தமிழச்சி:

சாண்ட்விச் எல்லாம் அவங்க பண்ணட்டும், நான் சமோசா கொண்டு போறேன். மவுத்கார்ட் சைஸ் எப்படி பாக்கறது அண்ணே, வயசு போட்டு விக்கறாங்களா?

கார்க்_செல்வம்:

ஆமா, ஜூனியர்னு போட்டிருக்கும், பாக்கெட்டுலயே எந்த வயசு வரைக்கும்னு எழுதியிருக்கும். பல் விழுந்து முளைக்கற வயசு, அதனால விலை ஒசந்ததா வாங்காதீங்க, சீக்கிரமே மாத்த வேண்டி வரும்.